காஜா பெராங்கில் வாடாத புல்

மலாக்காவுக்குப் போய் வந்தேன் என்றதும், கோட்டையைப் பார்த்தாயா, குன்றின் மேல் இருக்கும் பழைய மாதாகோயிலைப் பார்த்தாயா என்று கேட்கிறார்கள். பார்த்தேன் என்று சொல்லி வைக்கிறேன். உண்மையில் அங்கிருந்த நாட்களில் நான் தலையை நிமிர்த்தியதே குறைவு. என் பிழைப்பு அப்படி. கோயமுத்தூரில் ஒரு விவசாயக் கல்லூரியில், பயிர் நோய்ப் பிரிவில் எனக்கு வேலை. நெல்லையும் கரும்பையும் பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். யாரும் தொட விரும்பாத புல் என் தலையில் விழுந்தது. விளையாட்டுத் திடலிலும் பூங்காவிலும் போட்ட புல்லுக்குப் பூஞ்சணம் பிடித்தால் என்னைக் கூப்பிடுவார்கள். என் அண்ணி என்னை யாருக்காவது அறிமுகம் செய்யும்போது, "மாடு மேயறதுக்கு முன்னாடி இவர் போய் நாடி பார்ப்பார்" என்பாள்.

மழை பிடித்தால் எங்கள் ஊர்த் திடல்கள் வட்ட வட்டமாகக் கருகும். மருந்து தெளித்தால் கொஞ்ச நாள் அடங்கும், பிறகு மறுபடி கிளம்பும். வருஷம் முழுக்க ஈரத்திலேயே ஊறிக் கிடக்கும் மலாயாவில் இதைத் தாங்குகிற புல் ரகம் ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று என் அதிகாரிக்கு நம்பிக்கை. மலாக்காவில் ஒரு கிளப்பின் திடல் இதே நோயில் அழிந்துகொண்டிருப்பதாகவும் தகவல் வந்திருந்தது. நோய் உள்ள இடத்தில்தான் அதற்கு மசியாத புல்லையும் தேட முடியும். ஒரு தகரப் பெட்டி, தட்டுகள், உருப்பெருக்கிக் கண்ணாடி, குடுவை நிறையக் காய்ச்சி வடித்த நீர் எல்லாவற்றையும் கொடுத்து என்னை அனுப்பி வைத்தார். அந்த நாடு சுதந்திரம் வாங்க இருந்த வருஷம் அது.

மலாக்காவை நெருங்கும்போது பேருந்து புகை கக்கிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் மூடியைத் திறந்து, தண்ணீர் வேண்டும் என்று ஜாடை காட்டினார். பக்கத்தில் வாத்துக் கூடையோடு உட்கார்ந்திருந்த சீனத்து அம்மாள் என் மடியில் இருந்த குடுவையைப் பார்த்துவிட்டாள். இது குடிக்கிற தண்ணீர் இல்லை, புல்லுக்கு வந்த நோயைச் சோதிக்க வைத்திருப்பது என்று எனக்கு வந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் அதை வண்டி முழுக்கக் கேட்கும்படி தன் பாஷையில் அறிவித்தாள். என்ன சொன்னாளோ, எல்லோரும் சிரித்தார்கள். கல்லூரியில் பொறுமையாக வடித்த நீர் முழுவதும் அந்தப் பேருந்தின் வயிற்றுக்குள் போனது. வண்டி உடனே கிளம்பிவிட்டது.

இறங்கும் இடத்தில் சின்னையா சைக்கிளோடு காத்திருந்தார். நடுவயது மனிதர். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால் வெட்டப் பிடிக்காமல் டவுனுக்கு வந்து, கிளப் திடலில் உருளை இழுக்கும் வேலையில் சேர்ந்தவர். எனக்கு மலாய் தெரியாது என்பதால், அங்கே இருந்த நாட்கள் முழுவதும் அவர்தான் என் காது, அவர்தான் என் வாய்.

"பசியாறிட்டீங்களா சார்?" என்றார் முதல் வார்த்தையாக. நான் விழித்தேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதை அங்கே அப்படிக் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் டிபன் ஆச்சா என்று ஓட்டல்காரன் மாதிரி கேட்பதைவிட இது எனக்குப் பிடித்தது.

எனக்கு இடம் பார்த்திருந்தது காஜா பெராங்கில், செட்டிமார் கம்பத்தை ஒட்டிய ஒரு வீட்டின் முன்னறை. கம்பம் என்றால் குடியிருப்பு. தாழ்ந்த கூரை வீடுகள், வாசல் நிலையில் மாவிலை, பக்கத்தில் கோயில். ஆகா, நம் ஆட்கள் என்று எதிரே வந்த பெண்ணிடம் தமிழில் வழி கேட்டேன். நெற்றியில் திருநீறு, இடுப்பில் பூப்போட்ட சாரோங், மேலே மெல்லிய கெபாயா ரவிக்கை. அந்த அம்மாள் சிரித்தபடி மலாயில் பதில் சொன்னாள்.

"அவுங்க எல்லாம் ரொம்பக் காலத்துக்கு முந்தியே வந்தவுங்க சார். தமிழ் வராது," என்றார் சின்னையா. "சாமி நம்ம சாமிதான். கோயிலுக்குள்ள நாலு தமிழ் வார்த்தை இருக்கும். வெளிய வந்தா எல்லாம் மலாய்தான்."

மறுநாள் காலையில் வாழை இலையில் மடித்த தேங்காய்ப்பால் சோறு வந்தது. ஓரத்தில் வைத்திருந்த சிவப்பு விழுதை எங்கள் ஊர்த் தக்காளித் தொக்கு என்று நினைத்து வழித்து வாயில் போட்டேன். இறாலைப் புளிக்க வைத்து இடித்த பெலாச்சான் அது. கண்ணில் நீர் முட்ட, காப்பி கேட்டேன். டின் பால் ஊற்றிய காப்பி பாயசம் மாதிரி இருந்தது. இரண்டும் இல்லாமல் அந்த ஊரில் காலை விடியாது என்று தெரிந்ததும் பழகிக்கொண்டேன். இப்போது இங்கே அவை கிடைக்கவில்லையே என்று இருக்கிறது.

திடல் பண்டார் ஹிலிர் பக்கம், கடல் காற்று வீசுகிற இடத்தில் இருந்தது. அதன் பராமரிப்பாளர் நாராயணப் பிள்ளை, செட்டிக் கம்பத்துக்காரர். ஒல்லியாக, காதோரம் நரைத்து, பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் புல்லையே பார்க்கிறவர். அதனால் எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது. நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து யாராவது பார்த்திருந்தால், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

புல் அங்கே மெல்லிய இலையுள்ள ஜாதி, நம் அருகம்புல்லுக்குப் பங்காளி. திடலின் நடுவில் அது வட்டம் வட்டமாகச் செத்திருந்தது. உள்ளே வைக்கோல் நிறம், விளிம்பில் புகை படிந்த மாதிரி ஒரு கருவளையம். காலைப் பனியில் குனிந்து பார்த்தால் இலைகளின் மேல் சிலந்தி நூல்போல வெள்ளையாகப் படர்ந்திருக்கும். அதுதான் பூஞ்சணம். மண்ணில் எப்போதும் இருக்கும். இலை நெடுநேரம் நனைந்து கிடந்தால் எழுந்து வரும், வெயில் ஏறி ஈரம் காய்ந்தால் அடங்கிவிடும்.

"பேய் வந்து கோலம் போட்ட மாதிரி இருக்கு சார்," என்றார் சின்னையா. "நாளுக்கு நாள் கோலம் பெருசாவுது."

பிள்ளை மெதுவாக ஏதோ சொன்னார். சின்னையா எனக்குச் சொன்னார்: சுதந்திரம் வருகிற பெரிய நாளன்று டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் இந்தத் திடலில்தான் கொடியோடு நடந்து வரப்போகிறார்கள். நடுவில் புழுதி பறந்தால் நன்றாகவா இருக்கும் என்று கேட்கிறார்.

எங்கள் ஊரில் சுதந்திரம் வந்த அன்று கல்லூரித் திடலில் கூட்டம் மிதித்து, புல் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று சொன்னேன். பிள்ளை முதல் முறையாகச் சிரித்தார். மிதிபட்ட புல் திரும்ப முளைக்கும், அது நோய் இல்லை என்றார்.

திரும்பும் வழியில் சின்னையா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, "சார், ஒரே ஒரு எடத்துல இந்தப் புல்லு நல்லா இருக்கு. சொல்லலாமா வேணாமான்னு இருந்துச்சு," என்றார்.

எங்கே என்று கேட்டேன்.

"பிள்ளையோட மக மேல."

வள்ளி அவர்களுக்கு ஒரே பெண். பிறந்ததிலிருந்து இழுப்பு. கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், நெஞ்சு விசிலடிக்கும். அப்பா பார்க்கிற திடலில் ஒரு தடவை ஓடவேண்டும் என்று அவளுக்கு ஆசை. காலையில் புல் நனைந்திருக்கும், மாலையில் துரைமார் விளையாடுவார்கள், வேலைக்காரர் பிள்ளைகளுக்கு அனுமதி கிடையாது. போன வருஷத்துக்கு முந்தின வருஷ மழையில் போய்விட்டாள். பதினோரு வயது. மகளைப் புதைத்த பிறகு பிள்ளை திடலின் நடுவிலிருந்து ஒரு பாய் அளவுக்குப் புல்லை மண்ணோடு பெயர்த்துக்கொண்டு போய் மேட்டின் மேல் போட்டிருக்கிறார். திடலில் நோய் வந்தது அதற்குப் பிறகுதான்.

அன்று மாலையே அந்த இடுகாட்டுக்குப் போனோம். கம்பத்திலிருந்து நடக்கிற தூரம்தான். சுற்றிலும் இருந்த மேடுகளில் தானாக முளைத்த புல் எல்லாம் திட்டுத் திட்டாகப் பழுத்திருந்தது. வள்ளியின் மேடு மட்டும், அப்போதுதான் தலை சீவிவிட்ட மாதிரி, பச்சையாக இருந்தது. மண்டியிட்டு உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். ஒரு இலையில்கூடப் புள்ளி இல்லை. நிழல் தரும் மரம் ஏதாவது உண்டா என்று பார்த்தேன். இல்லை. திடலில் இறங்கும் பனிதான் இங்கும் இறங்கும். கலந்து வளர்ந்த திடல் புல்லில், நோய்க்கு மசியாத ஒரு கொடி தற்செயலாக இந்தத் துண்டில் வந்திருக்கலாம். அப்படி நடப்பது உண்டு. அதைத் தேடித்தான் நான் கடல் தாண்டி வந்தேன். ஒரு குழந்தையின் மேட்டில் மண்டியிட்டுக்கொண்டு, வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றுமளவு எனக்குச் சந்தோஷம் வந்தது.

ஆனால் அதில் கை வைக்க வள்ளியின் அம்மா சம்மதிக்க வேண்டும். பிள்ளை, "மீனாட்சியைக் கேட்கவேண்டும்" என்று மட்டும் சொன்னார். மீனாட்சி அக்கா, "மகளைக் கேட்கவேண்டும்" என்று சொல்லி அனுப்பினாராம்.

அது பழங்கள் பழுக்கிற காலம். அந்தக் காலத்தில் செட்டிமார் வீடுகளில் இறந்தவர்களுக்குப் பார்ச்சு வைக்கிறார்கள். நம் படையல்தான், பெயர் கொஞ்சம் உருண்டு போயிருக்கிறது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வாழை இலைகளில் சோறு, மீன் குழம்பு, மங்குஸ்தீன், ரம்புத்தான், வெட்டிய பலா. மூத்தவர்களுக்கு எல்லாம் ஒன்றாக வைத்துவிட்டு, ஓரத்தில் ஒரு சின்ன இலை தனியாகப் போட்டிருந்தது. அதில் சோறு இல்லை. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில், சீவிய பனிக்கட்டியை உருட்டி, சிவப்புச் சர்பத் ஊற்றி வைத்திருந்தார் மீனாட்சி அக்கா.

"கடைத்தெருவுல இத பாத்தா அவ நின்னுருவாளாம். ஒரு நாளும் வாங்கிக் குடுத்தது இல்லையாம், இழுப்பு வந்துரும்னு," என்று சின்னையா என் காதில் சொன்னார். "இப்பதான் குடுக்குறாங்க."

சூடம் காட்டியதும் எல்லோரையும் வெளியே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே அவர்கள் சாப்பிடுகிற நேரம் அது, உயிரோடு இருப்பவர்கள் பார்க்கக்கூடாது. எங்கள் ஊரில் காக்காய்க்கு வைத்துவிட்டு, அது வரவில்லையே என்று கூரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்போம். இங்கே சாத்திய கதவின் முன் எல்லோரும் காத்திருந்தார்கள். சாவிலும் விருந்தாளிக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மீனாட்சி அக்கா முதலில் உள்ளே போனார். பனிக்கட்டி முழுக்கக் கரைந்து, கிண்ணத்தைச் சுற்றி இலை நனைந்திருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானை இல்லாத அந்த உடுப்பில் கண்ணைத் துடைக்கத் துணி தேடி, கையாலேயே துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"கேட்டாங்களாம். எடுத்துக்கச் சொல்லிட்டாளாம்," என்றார் சின்னையா. "அப்பாவோட திடல்ல நட்டா பிள்ளைங்க எல்லாம் அவ மேல ஓடுமாம். அவளுக்கும் ஓடுன மாதிரி இருக்குமாம்."

மாலையில் மேட்டின் ஒரு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொடிகளை எடுத்தேன். ஒரு பாதியைத் தட்டுகளில் நட்டு, பக்கத்தில் நோயுற்ற திடல் புல்லை வைத்து, நனைத்த கோணியால் மூடினேன். நோயை வேண்டுமென்றே ஊட்டிப் பார்ப்பதுதான் எங்கள் முறை. வடித்த நீர்தான் பேருந்து குடித்துவிட்டதே, சுத்தமான பீங்கான் கிண்ணத்தில் மழைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன். மறுபாதியைப் பிள்ளை வாங்கிக்கொண்டார். சோதனை முடியும்வரை நடவேண்டாம் என்று சொன்னேன். தலையாட்டினார். மறுநாள் போய்ப் பார்த்தால் திடலின் நடுவட்டத்தைக் கொத்திக் கிளறி, விரல் இடை விட்டு நட்டு முடித்திருந்தார். புல் படர்ந்து மூட நாள் வேண்டாமா, பெரிய நாள் காத்திருக்குமா என்று கேட்டார். மீனாட்சி அக்கா ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்காரர்களின் மனைவிமார்கூடத் திடலுக்குள் வரக்கூடாது என்று இருந்ததாம். அந்தத் துரைமார் பாதிப்பேர் அதற்குள் மூட்டை கட்டியிருந்தார்கள்.

மலாயா மழையில் புல் வளர்வதைக் கண்ணால் பார்க்கலாம் போலிருந்தது. நட்ட கொடிகள் வேர்விட்டுக் கைகோத்தன. சாயங்காலம் ஆனால் அக்கா வந்து ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். எனக்கு வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துக் கொண்டுவருவார். எங்களுக்குள் பேச்சு என்றால் ஒரு வார்த்தைதான். நான் "அக்கா" என்பேன். அவர் பச்சை வட்டத்தைக் காட்டி "வள்ளி" என்பார்.

தட்டுகள் என் அறையில் இருந்தன. ஒரு காலையில் கோணியைத் தூக்கியபோது வள்ளியின் புல்லில் வெள்ளை நூல் படர்ந்திருந்தது. பக்கத்துத் தட்டிலிருந்து ஒட்டியிருக்கும் என்று வேறு தட்டில் மாற்றி, புதிதாக நட்டுப் பார்த்தேன். இன்னும் வேகமாகப் பழுத்தது. திடல் புல்லுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. நோயைத் தாங்குகிற புல் என்று சின்னையா மூலம் அந்த அம்மாளிடம் சொல்லியிருந்தேன்.

மேட்டுப் புல் மட்டும் எப்படிப் பிழைக்கிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதுவரை நான் அங்கே போனதெல்லாம் மாலையில்தான். பனியோடு இருக்கும்போது பார்க்கலாம் என்று, வெளுக்கத் தொடங்கும் நேரத்தில் தனியாகப் போனேன்.

மீனாட்சி அக்கா எனக்கு முன்னால் அங்கே இருந்தார். மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பழைய துண்டால் புல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைமாட்டிலிருந்து தொடங்கி, குளித்து வந்த குழந்தையின் முடியைத் துவட்டுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி, துண்டைப் பிழிந்து, மறுபடி அமுக்கி. பிழிந்த தண்ணீரைத் தூரமாகப் போய்க் கொட்டினார். சுற்றியிருந்த மேடுகள் எல்லாம் பனியில் வெள்ளையாகக் கிடந்தன. அவள் மேடு மட்டும் காய்ந்து, பச்சையாக ஆகிக்கொண்டு வந்தது.

எனக்குச் சின்னையாவின் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வள்ளிக்கு ஈரம் ஆகாது. அந்த மழைக்குப் பிறகு ஒரு காலைகூட விடாமல் அவர் வந்திருக்கிறார். கணவர் இருட்டோடு திடலுக்குப் போய்விடுவதால் அவருக்கும் தெரியாது. பூஞ்சணம் தினமும் அந்த மேட்டில் எழுந்திருக்கிறது, தினமும் இந்தத் துண்டு அதைத் துடைத்து எடுத்திருக்கிறது. நான் தேடி வந்த ரகம் என்று ஒன்று அங்கே இல்லை. நான் மறைந்து நின்று அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன்.

சொல்லாமல் விட முடியாது. விட்டால் திடலின் நடுவட்டம் பெரிய நாளுக்கு முன் கருகும், அந்த அம்மாள் ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார். அன்று சாயங்காலம் பிள்ளை, அக்கா இருவரையும் உட்கார வைத்துச் சின்னையா மூலம் சொன்னேன். இது வேறு புல் இல்லை. திடலில் இருக்கும் அதே புல். இதற்கும் அதே நோய் வரும். காலையில் பனியைத் துடைத்ததால்தான் வரவில்லை. உங்கள் கைதான் அதைக் காப்பாற்றியிருக்கிறது அக்கா.

பிள்ளை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். தினமும் போகிறாயா என்பது போல ஏதோ கேட்டார். அக்கா அவரைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். பிள்ளை எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். நான் சின்னையாவைப் பார்த்தேன்.

"என்ன சொன்னாங்க?"

"வேணாம் சார்."

"சொல்லுங்க."

"அவளையும் இப்பிடித்தான தெனமும் தொவட்டுனேன், புல்லு பொழச்சுச்சு, அவ ஏன் பொழைக்கலன்னு கேக்குறாங்க சார்."

பதில் எதிர்பார்த்துத்தான் கேட்டார். நான் படித்தவன், நோய்களைப் பற்றியே படித்தவன். எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார். இருட்டிய பிறகு அறைக்குத் திரும்பினேன்.

மறுநாள் விடியலில் திடலுக்குப் போனால், அக்கா நடுவட்டத்தில் உட்கார்ந்து அதே துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையும் சின்னையாவும் ஒரு நீளக் கயிற்றில் கோணிகளைக் கட்டி, ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து, மற்ற புல்லின் மேல் இழுத்துக்கொண்டு நடந்தார்கள். கோணி போன வழியெல்லாம் வெள்ளை அழிந்து பச்சை தெரிந்தது. அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. புதுத் திட்டுகள் தோன்றுவது நின்றது. நடுவட்டம் தளதளவென்று மூடிக்கொண்டது.

ஆனால் பனி எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில்தான் இறங்குகிறது, வெயிலும் ஒரே நேரத்தில்தான் ஏறுகிறது. திடல் டவுனுக்கு அந்தப் பக்கம், மேடு இந்தப் பக்கம். ஒரு காலையில் ஒரு இடத்தைத்தான் துடைக்க முடியும். மேட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். அக்கா மறுத்துவிட்டார்.

"அவளுக்கு வேற ஆளு தொட்டா புடிக்காதாம்," என்றார் சின்னையா. "பிள்ளைங்க ஓடி முடிக்கட்டும், அப்பறம் அவகிட்டயே வந்துர்றேன்னு சொல்லியிருக்காங்களாம். அவ பொறுத்துக்குவாளாம்."

என் கப்பல் பெரிய நாளுக்கு முன்பே கிளம்பியது. டவுன் முழுக்க வண்ணக் காகிதம் தொங்கியது. பள்ளிப் பிள்ளைகள் ஒத்திகைக்கு வந்து நடுவட்டத்தின் மேல் ஓடியதைக் கிளம்புவதற்கு முந்தைய நாள் பார்த்தேன். அக்கா ஓரத்தில் நின்று, கையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார். ஒரு பெண் தடுக்கி விழுந்து, புல் ஒட்டிய முழங்காலோடு எழுந்து, சிரித்துக்கொண்டே மறுபடி ஓடினாள். அக்காவும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கிளம்புகிற அன்று விடியலில், அவர் திடலில் இருக்கும் நேரத்தில், நான் மேட்டுக்குப் போனேன். பனி வெள்ளையாக மூடியிருந்தது. கால்மாட்டில் ஒரு வட்டம் விழுந்திருந்தது, வெற்றிலை அளவுதான் இருக்கும். உள்ளே வைக்கோல் நிறம், விளிம்பில் புகை வளையம். வேறு ஆள் தொட்டால் பிடிக்காது என்று தெரியும். கேட்காமல்தான் செய்தேன். என் துண்டை எடுத்து, தலைமாட்டிலிருந்து, அக்கா செய்த மாதிரியே அமுக்கி அமுக்கித் துடைத்தேன். பிழிந்த தண்ணீரைத் தூரமாகப் போய்க் கொட்டினேன்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தகரப் பெட்டியில் கொண்டுவந்த தட்டுகள் தவிர ஒன்றும் இல்லை. மலாக்காவில் நோய் தாங்கும் ரகம் எதுவும் கிடைக்கவில்லை என்று அதிகாரியிடம் சொல்லவேண்டும். துண்டை ஜன்னல் கம்பியில் காயப் போட்டேன். தோட்டங்கள், ஆற்றுப் பாலங்கள் எல்லாம் கடந்தும் அது காயவில்லை. அந்த ஒரு காலைதான் என்னால் முடிந்தது. மறுநாளும் அங்கே பனி இறங்கியிருக்கும்.